பின்னாடி அக்கா

படப்பிடிப்பில் அவளை எல்லோரும் 'பின்னாடி அக்கா' என்றுதான் கூப்பிட்டார்கள். கேலியாக இல்லை, பிரியமாகத்தான். பிரியமாகக் கூப்பிட்டாலும் பின்னாடி பின்னாடிதானே? இவளுக்கென்று ஒரு பெயர் இருக்குமே என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தருக்காவது கேட்கத் தோன்றியதா என்றால், இல்லை.

அவள் புருஷன் ஸ்டெடி ஆபரேட்டர். ஸ்டெடி என்பது உடம்பில் மாட்டிக்கொண்டு கேமராவோடு நடக்கிற கருவி. மார்பிலும் இடுப்பிலும் இறுக்கிக் கட்டுகிற வெஸ்ட் ஒன்று, அதன் முன்பக்கத்திலிருந்து நீளும் ஸ்பிரிங் வைத்த ஆர்ம், ஆர்மின் முனையில் ஒரு கம்பம். கம்பத்தின் தலையில் கேமரா, அடியில் பேட்டரியும் சின்னத் திரையும். ஆள் ஓடினாலும் படியிறங்கினாலும் படம் குலுங்காது. நடிக்கிறவர் எதிரே வர, ஆபரேட்டர் பின்பக்கமாகவே நடக்கிற ஷாட்டுகள் நிறைய வரும். கண்ணெல்லாம் திரையில் இருக்கும், முதுகுக்குக் கண் கிடையாது. அதற்குத்தான் பின்னால் ஓர் ஆள் முதுகில் கை வைத்தபடி கூடவே நடக்க வேண்டும். அந்த ஆள் இவள்.

கை வைக்கிறதெல்லாம் ஒரு வேலையா என்று தோன்றும். வைத்துப் பார்த்தால் தெரியும். மைக் ஓடிக்கொண்டிருப்பதால் வாயைத் திறக்க முடியாது. மெதுவாக அழுத்தினால் வேகத்தைக் குறை, ஒரு தட்டுத் தட்டினால் படி வருகிறது, பெல்ட்டைப் பிடித்தால் நில். எல்லாம் உள்ளங்கையிலேயே பேசியாக வேண்டும். முதுகும் பதில் சொல்லும். எந்தக் காலில் கனம் நிற்கிறது, எங்கே மூச்சுப் பிடிக்கிறது என்பதெல்லாம் கைக்குத் தெரிந்துவிடும். அது போக, கேமராவை ஏற்றுவது இவள், பேலன்ஸ் பார்ப்பது இவள். கம்பத்தைப் படுக்கவைத்துக் கையை எடுத்தால் அது அவசரப்படாமல், தூங்கி எழுகிறவன் மாதிரி நிமிர வேண்டும். சட்டென்று நிமிர்ந்தால் அடியில் கனம் அதிகம், நிமிராமல் கிடந்தால் தலையில் அதிகம். லென்ஸ் மாற்றும்போதெல்லாம் மறுபடி முதலிலிருந்து. இத்தனையும் முடிந்தபின் அவர் வந்து நிற்பார், இவள் வெஸ்ட்டைக் கட்டிவிடுவாள்.

அவருக்கு யூனிட்டில் 'மெதப்பு' என்று பெயர். கேமரா மிதந்து போகிறதாம். ஆளும் கொஞ்சம் மெதப்புத்தான் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். முதுகுக்குப் பின்னால் இவள்தானே நிற்பாள், அதனால் எல்லாம் இவள் காதில் விழும்.

அப்படி மிதந்துகொண்டிருந்தவர் ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கக் குனிந்தார், நிமிரவில்லை. அத்தனை கனத்தைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிகளில் ஓடியபோதெல்லாம் சும்மா இருந்த முதுகு, குழாயடியில் காலை வாரிவிட்டது. முதுகெலும்புத் தட்டு விலகி நரம்பை அழுத்துகிறது, இனிமேல் கனம் தூக்குவதை மறந்துவிடுங்கள் என்றார் டாக்டர். "இப்போதைக்குத் தூக்க வேணாம்னு சொல்றாரு" என்று அவர் வெளியே வந்து சொன்னார். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டவளிடமே அப்படிச் சொன்னார்.

வீட்டில் மூன்று பேர். அவர், இவள், அவருடைய அக்கா. நாத்தனார் பை தைக்கிற பட்டறையில் வேலை பார்ப்பவள். பள்ளிக்கூடப் பை, பயணப் பை, கனம் தாங்குகிற கித்தான் பை எல்லாம் அவள் கையில் வரும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டால், "மெஷினுக்கே எண்ணெய் விட நேரமில்லை" என்பாள். அவள் வாய்க்கும் மெஷினுக்கும் நிற்கிற பழக்கம் கிடையாது.

அவர் தரையில் மல்லாந்து கிடந்தார். கூடத்து மூலையில் கருவிப் பெட்டிகளும் அவரைப் போலவே கிடந்தன. யூனிட்டுக்கு ஞாபகசக்தி ரொம்பக் குறைவு. கொஞ்ச நாள் ஆளைக் காணோம் என்றால் இன்னொருத்தன் வந்து நிற்பான், அப்புறம் அவன்தான் ஸ்டெடி. இது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"நான் போடறேன்" என்றாள்.

"எதை?"

"வெஸ்ட்டை."

அவர் சிரித்தார். சிரித்ததில் முதுகு பிடித்துக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு, "விளையாடாதே" என்றார்.

"விளையாட்டு என்ன இருக்கு? கேமராவை ஏத்தறது நான். பேலன்ஸ் பாக்கறது நான். எங்க திரும்பணும், எங்க நிக்கணும்னு பின்னாடி இருந்து உங்களை ஓட்டறதும் நான். நடுவுல நிக்கறது மட்டும்தானே பாக்கி?"

"நடுவுல நிக்கறதுதான்மா வேலையே."

"அப்ப மத்ததெல்லாம் என்ன? இத்தனை வருஷமா நான் வேடிக்கை பாக்கவா வந்தேன்?"

உள்ளேயிருந்து நாத்தனார் குரல் கொடுத்தாள். "அவ போடட்டும்டா. பெட்டியில வச்சுப் பூட்டினா கருவி குட்டியா போடப்போகுது?"

அப்படித்தான் மொட்டை மாடியில் பழக்கம் ஆரம்பமானது. கேமராவுக்குப் பதிலாக அதே கனத்துக்கு இரும்புத் தட்டுகளைக் கம்பத்தின் தலையில் கட்டி, சின்ன கேமரா ஒன்றைப் பக்கத்தில் வைத்தார்கள். தண்ணீர்த் தொட்டிச் சுவரில் டேப்பால் ஒரு கூட்டல் குறி. அந்தக் குறி திரையின் நட்டநடுவில் இருக்க வேண்டும். முன்னால் போனாலும் பின்னால் வந்தாலும் பக்கவாட்டில் நகர்ந்தாலும் அது அசையக் கூடாது. கேட்பதற்கு ஒன்றுமில்லாத விஷயம். மாடியில் ஏறிய முதல் நாள் அந்தக் குறி திரையில் திருவிழாவில் தொலைந்த பிள்ளையைப் போல அலைந்தது.

அவர் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு, நாற்காலி போட்டு உட்கார்ந்து, அங்கிருந்தே கத்துவார்.

"பிடிக்காதே! தொடு. ரெண்டு விரலால தொட்டா போதும்."

"தொட்டுட்டுத்தான் இருக்கேன்."

"அது தொடறதா? கழுத்தை நெரிக்கிற மாதிரி இருக்கு. கையில வாங்காதே, இடுப்புல வாங்கு. தோளை எறக்கு. நான் நிக்கற மாதிரி நில்லு."

அவர் நிற்கிற மாதிரி எப்படி நிற்பது? அவர் இவளைவிட ஒரு தலை உயரம், வயிறு கொஞ்சம் முன்னால். இவள் உடம்பு வேறு உடம்பு. வெஸ்ட்டின் நெஞ்சுத் தகடு அவருக்கு மார்பின் நடுவில் பொருந்தும், இவளுக்கு வரக்கூடாத இடத்தில் வந்து அழுத்தியது. இடுப்புப் பட்டை எலும்பில் உட்காராமல் வழுக்கிக்கொண்டு வந்து தொடையில் இறங்கியது. ஆர்மை மாட்டுகிற சாக்கெட்டில் இரண்டு திருகுகள் இருக்கும். ஆளுக்கு ஆள் நிற்கிற விதம் வேறு என்பதால் அதற்குத் தகுந்தபடி திருப்பி வைத்தால்தான் ஆர்ம் விட்ட இடத்தில் நிற்கும். இல்லாவிட்டால் கயிறு அறுத்துக்கொண்ட கன்றுக்குட்டி மாதிரி அது பாட்டுக்கு ஓடும், பிடித்து இழுத்துக்கொண்டே நடக்க வேண்டியதுதான்.

அந்தத் திருகுகளையும் பட்டைகளையும் தொடவே கூடாது என்பது அவருடைய கட்டளை. ஒவ்வொன்றும் எங்கே நிற்க வேண்டும் என்று சிவப்புக் கோடு போட்டு வைத்திருந்தார். கோடு போட்டது இவளுடைய நெயில் பாலிஷில்தான். வாங்கியதிலிருந்து ஒரே ஒரு தடவை நகத்தில் பூசியிருப்பாள், மிச்சமெல்லாம் வெஸ்ட்டுக்குப் போனது.

"மார்க்கைக் கலைச்சுடாதே. நான் திரும்பி வந்து மறுபடி செட் பண்ணணும்னா உயிர் போயிடும்."

"நீங்க வர்ற வரைக்கும் என் இடுப்பு என்ன ஆகறது?"

"பழகிடும்."

பழகிடுமாம்! வாய் கூசாமல் சொன்னார். தன் முதுகு வலித்தபோது வீட்டையே தலைகீழாக்கிய மனிதர். வெந்நீர் ஒத்தடம் ஆறிவிட்டது என்று சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டவர், அடுத்தவள் இடுப்புக்கு ஒரே வார்த்தையில் வைத்தியம் சொல்லிவிட்டார்.

இவளும் பல்லைக் கடித்துக்கொண்டு பழகிப் பார்த்தாள். ஒருநாள் சேலை மாற்றும்போது நாத்தனார் பார்த்துவிட்டாள். இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் கன்றிப் போய்க் கறுத்திருந்தது.

"என்னம்மா இது? அவன் அடிச்சானா?"

"ஐயோ, இல்ல அண்ணி. வெஸ்ட்டு."

"வெஸ்ட்டு அடிச்சா மட்டும் வலிக்காதா? கொண்டா அதை இங்க."

நாத்தனார் வெஸ்ட்டை மடியில் போட்டுக்கொண்டு உள்ளும் புறமும் புரட்டிப் பார்த்தாள். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தையல்களை விரலால் தடவினாள்.

"உள்ள வைக்கற சாமானுக்குத் தகுந்த மாதிரித்தான் பை தைக்கணும். இவன் என்னடான்னா பைக்குத் தகுந்த மாதிரி சாமானை நசுக்கறான். இங்க பாரு, இந்தத் தகடு கீழ எறங்கணும். இங்க ரெண்டா பிரிச்சு நடுவுல பள்ளம் விட்டுப் பஞ்சு வைக்கணும். இடுப்புக்குப் பட்டை வளைஞ்சு வரணும், நேராத் தச்சா எவ இடுப்புல நிக்கும்?"

"மார்க்கைக் கலைக்கக் கூடாதாம் அண்ணி."

"அவன் போட்டுக்கறப்ப அவன் அளவு. நீ போட்டுக்கறப்ப உன் அளவு. இதுல என்ன கோர்ட்டு கேஸு?"

அவர் முதுகுப் பயிற்சிக்காக ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு பகலில் இரண்டு பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நாத்தனார் பட்டறையிலிருந்து கெட்டிப் பஞ்சும் அகலப் பட்டையும் கொண்டுவந்திருந்தாள். கிழித்தாள், வெட்டினாள், ஊசி உடைந்ததற்கு யாரையோ திட்டினாள். இவள் வெஸ்ட்டை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்பாள், அவள் சாக்பீஸால் கோடு இழுப்பாள், மறுபடி கழற்றுவாள். சாக்கெட் விளிம்பு வயிற்றில் குத்தாமல் இருக்க அதன் மேல் ஒரு துணி மூடியும் தைத்தாள். கடைசியில் இவள் மாடிக்குப் போய் ஆர்மை மாட்டி, திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள். இந்தப் பக்கம் ஓடியது. திருப்பினாள். அந்தப் பக்கம் ஓடியது. இன்னும் துளி. கையை எடுத்தாள். கேமரா அவள் பக்கத்தில், எங்கேயும் போகிற எண்ணமே இல்லாமல் நின்றது.

அத்தனை நாளும் தனக்குத்தான் வராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நடந்தாள், சுவரில் இருந்த குறி திரையில் நின்றது. பின்பக்கமாக நடந்தாள், நின்றது. மாடியில் தனியாக நின்று அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றையும்விடக் கோபம்தான் அதிகமாக வந்தது. இரண்டு திருகு! இரண்டே திருகுக்காக இத்தனை நாள் தன் உடம்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தாளே!

சாயங்காலம் வந்தவர் வெஸ்ட்டைப் பார்த்தார். சாப்பிடும்போது குழம்பில் உப்பே இல்லை என்றார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

கொஞ்ச நாளில் ஒரு தொடர் நாடகத்தின் கேமராமேனிடமிருந்து அழைப்பு வந்தது. வழக்கம்போல அவர் போனுக்குத்தான். பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் ஒரு நீள ஷாட். கதாநாயகி வார்டிலிருந்து கிளம்பி, தாழ்வாரம் முழுக்க நடந்து, படியிறங்கி, வாசல் கேட் வரைக்கும் வர வேண்டும். கேமரா அவளுக்கு முன்னால், பின்பக்கமாகவே போக வேண்டும்.

"வீட்ல நல்லாப் பழகியிருக்காங்க சார். அவங்க போடுவாங்க. நான் பின்னாடி நின்னுக்கறேன்" என்று அவர் சொன்னதை இவள் அடுப்படியிலிருந்து கேட்டாள். மறுமுனையில் என்ன சொன்னார்களோ, "ஆமா சார், நான் இருப்பேன் சார், எல்லாம் நான் பாத்துக்கறேன் சார்" என்று மூன்று நான்கு தடவை சொன்னார். அவர் நிற்பார் என்பதற்காகத்தான் இவளுக்கு அந்த வேலை. சரி, முதல் தடவை அப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஷாட் சரியாக வந்தால் இவள் ஆபரேட்டர். வராவிட்டால் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க முடியாது. ஒரு ஆண் சொதப்பினால் அவன் சொதப்பினான் என்பார்கள், இவள் சொதப்பினால் பெண்களுக்கு வராது என்பார்கள். அடுத்து வருகிறவளுக்கும் சேர்த்துக் கதவு மூடிவிடும்.

கிளம்புகிற காலையில் இவள் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் எல்லாப் பெட்டிகளையும் அடுக்கி வாசலில் வைத்திருந்தார். வெஸ்ட்டைப் பையில் போட்டு ஜிப்பும் இழுத்தாயிற்று.

"நீங்க எதுக்குக் குனிஞ்சு செய்யறீங்க?"

"இதுகூடச் செய்யக் கூடாதா? நீ போய்ச் சாப்பிடு. நிக்கற வேலை, வெறும் வயித்துல போகாதே."

இவளுக்கு மனசு நிறைந்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவர் இவளுக்காகப் பை எடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. புதுத்தையல் எங்காவது விட்டுவிட்டால் என்ன செய்வது என்று பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, கையில் ஊசி நூலோடு நாத்தனாரும் வண்டியில் ஏறினாள்.

தளத்தில் வெயில் ஏற ஆரம்பித்திருந்தது. தாழ்வாரத்துத் தூண்களின் நிழல் தரையில் சாய்ந்து விழுந்தது. அந்த நிழல் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கேமராமேன் பரபரத்தார். மேனேஜர் இவளைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"மேடம், நடுவுல மயக்கம் கியக்கம் வந்துடாதே?"

இவள் பதில் சொல்வதற்குள் நாத்தனார் முந்திக்கொண்டாள். "வந்தா உங்க மேலதான் விழுவா. தாங்கிக்குங்க."

கேமரா ஏற்றினாள், பேலன்ஸ் பார்த்தாள். கம்பம் சரியாக நிமிர்ந்தது. வெஸ்ட்டை அவர் பிடித்துக்கொடுத்தார், இவள் மாட்டிக்கொண்டாள். அவருக்குக் கட்டிவிடும்போது கொக்கி கொக்கியாகத் தொட்டுப் பார்க்கிறவள், தனக்கு என்று வந்தபோது அவர் எடுத்துவைத்ததை அப்படியே நம்பினாள். இடுப்புப் பட்டை சரியாக உட்கார்ந்தது. ஆர்ம் ஏறியது. ஏறிய உடனே கேமரா இவள் பக்கத்தை விட்டு முன்னால் இடதுபக்கமாகக் கிளம்பியது. பதற்றத்தில் நிமிர்ந்து நிற்கிறோம் போலிருக்கிறது என்று நினைத்து உடம்பைச் சாய்த்துப் பிடித்தாள்.

"ஆக்ஷன்!"

கதாநாயகி கிளம்பினாள். இவள் பின்பக்கமாக நடந்தாள். முதுகில் அவர் கை இருந்தது. கேமரா ஓட ஓட இவள் இழுத்தாள். இரண்டு விரல் போய் ஐந்து விரலாயிற்று, ஐந்து விரல் முஷ்டியாயிற்று. திரையில் கதாநாயகியின் முகம் இங்கும் அங்கும் போய்வந்தது. படியில் கால் வைத்ததும் படம் ஒரேயடியாகச் சாய்ந்தது.

"கட்! கட்!" டைரக்டர் மைக்கிலேயே பேசினார். "கப்பல்ல போற மாதிரி இருக்குங்க. ஹீரோயின் அழணும், பாக்கறவங்க வாந்தி எடுக்கக் கூடாது."

சிரித்தார்கள். மறுபடி ஒன்று எடுத்தார்கள். அது அதைவிட மோசம். முன்கை வெடவெடவென்று ஆடியது. பின்னால் நின்றவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

கேமராமேன் இவளைத் தாண்டி அவரிடம் போனார். "இவங்களால தாங்க முடியலப்பா. ஒண்ணும் தப்பில்லை, இது உடம்பு பலம் சம்பந்தப்பட்டது. நிழல் போயிட்டிருக்கு. மெதப்பு, ஒரே ஒரு டேக். முடியுமா?"

"பாக்கலாம் சார்" என்றார் அவர். சொன்ன கையோடு சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"டேய்!" என்று நாத்தனார் கத்தினாள். "டாக்டர் என்ன சொன்னாரு? படுத்த படுக்கையாப் போகணுமா உனக்கு?"

"ஒரு டேக்தானேக்கா. பழகின உடம்பு."

இவள் ஆர்மைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினாள். வெஸ்ட்டையும் கழற்றினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ஆனால் பழக்கம் பாருங்கள், அவர் போடப்போகிறார் என்றதும் கை தானாகவே பையிலிருந்து திருகுச் சாவியை எடுத்தது. தன் அளவிலிருந்து அவர் அளவுக்கு மாற்றித்தானே கொடுக்க வேண்டும்? அவருக்கு ஆர்ம் ஓடக் கூடாதே, முதுகு தாங்காதே என்றுதான் அப்போதும் நினைத்தாள். நாத்தனார் தைத்த துணி மூடியைத் தூக்கினாள்.

திருப்ப வேண்டியது எதுவும் இருக்கவில்லை. இரண்டு திருகும் சிவப்புக் கோட்டில் கச்சிதமாக நின்றன.

காலையில் அவர் அடுக்கி வைத்த பெட்டிகள் ஞாபகம் வந்தன. வெறும் வயிற்றில் போகாதே என்றாரே, அது ஞாபகம் வந்தது. அதைக் கேட்டு நிறைந்த மனசை நினைத்தபோதுதான் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"சார்" என்று கேமராமேனைக் கூப்பிட்டாள். "இது அவர் அளவுல இருக்கு. என் அளவுல இல்ல."

"என்னம்மா சொல்றீங்க? நீங்கதானே போட்டுட்டு வந்தீங்க?"

"யாரோ மாத்தியிருக்காங்க."

யாரோ என்றாள். அந்த இடத்திலும் அவர் மானத்தைக் காப்பாற்றினாள், அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். நாத்தனார் எட்டிப் பார்த்தாள், திருகைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள். அவர் மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நிழல் போயிடும்மா" என்றார் கேமராமேன்.

"அவர் மாட்டிக்கறதுக்கு நேரம் இருந்துச்சே சார். எனக்கும் அந்த நேரம் இருக்கட்டும்."

சாவியைச் சாக்கெட்டில் விட்டாள். திருப்பினாள், மாட்டினாள், ஆர்மை ஏற்றினாள், கையை விட்டாள். ஓடியது. இறக்கி இன்னொரு துளி திருப்பினாள். இப்போது நின்றது. நாத்தனார் வந்து கொக்கிகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள்.

பின்னால் வந்து நின்று முதுகில் கை வைத்தார் அவர்.

"கையை எடுங்க" என்றாள் இவள்.

"என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். எடுங்க."

கை விலகியது. "அண்ணி, நீங்க வாங்க."

"நானா? எனக்கு என்னம்மா தெரியும்?"

"இழுக்காதீங்க, தள்ளாதீங்க. கையை வச்சுட்டு என்கூடவே நடங்க. படி வந்தா ஒரு தட்டு. கேட் வந்தா பெல்ட்டைப் பிடிங்க. அவ்வளவுதான்."

ஒருமுறை சும்மா நடந்து பார்த்தார்கள். நாத்தனார் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாரானாள். பை தைத்துக் காய்ந்த உள்ளங்கை முதுகில் வந்து உட்கார்ந்தது. அந்தக் கை எதையும் கேட்கவில்லை, எதையும் சொல்லவில்லை.

கதாநாயகி வார்டிலிருந்து வந்தாள். தூண் நிழல் ஒன்று முகத்தில் விழுந்து போயிற்று, அடுத்தது விழுந்து போயிற்று. திரையின் நடுவில் அந்த முகம் நின்றது. முதுகில் ஒரு தட்டு, இவள் கால் படியைத் தேடி இறங்கியது. முகம் அசையவில்லை. மணல் வந்தது, வெயில் வந்தது, கதாநாயகியின் கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடைக்கு வரும் வரைக்கும் கேமரா கூடவே போனது. பெல்ட்டை நாத்தனார் கொஞ்சம் பலமாகவே பிடித்துவிட்டாள், அதற்குள் ஷாட் முடிந்திருந்தது.

"ஓகே. அடுத்தது" என்றார் டைரக்டர். அவ்வளவுதான். ஃபோகஸ் பார்க்கிற பெண் மட்டும் பக்கத்தில் வந்து இவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனாள். மேனேஜர், "பரவாயில்லையே, பொம்பளையா இருந்தும் சமாளிச்சுட்டீங்களே" என்றார். பாராட்டினாராம்!

சாயங்காலம் யூனிட் வேனில் திரும்பினார்கள். நாத்தனார் முன்சீட்டில் டிரைவரிடம் அவன் வண்டி சீட்டின் தையல் சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர்கள் இரண்டு பேரும் பின்னால், பெட்டிகளுக்கு நடுவில்.

"ஷாட் நல்லா வந்திருக்கு" என்றார்.

இவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சரியா வைக்கலன்னு நினைச்சேன். சரி பண்ணிக் குடுப்போம்னுதான்..."

"பொய் சொல்லாதீங்க."

வேன் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இவள் கை தாங்கப் போகவில்லை.

"காலையில மாத்தினதை விடுங்க. புத்தி கெட்டுச் செஞ்சதுன்னே வச்சுக்கறேன். முதல் டேக்ல என் முதுகுல கை வச்சிருந்தீங்களே, அப்பத் தெரியலயா?"

அவர் பக்கத்துப் பெட்டியின் பூட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

"நான் எத்தனை வருஷம் உங்க முதுகுல கை வச்சிருக்கேன். கால் வலிச்சாத் தெரியும் எனக்கு. மூச்சு வாங்கினாத் தெரியும். ஒருநாள் காய்ச்சலோட வந்து நின்னீங்க, நீங்க சொல்றதுக்கு முன்னாடி நான் ஷாட்டை நிறுத்தினேன். உங்க கைக்கு ஒண்ணுமே தெரியலயா?"

"தெரிஞ்சுது."

"எப்ப?"

"முதல் அடியிலயே."

"அப்ப ஏன் வாயைத் திறக்கல? ரெண்டாவது டேக்லயும் ஏன் திறக்கல? என் கை நடுங்கினதைப் பாத்துட்டுத்தானே நின்னீங்க?"

வேன் இரைச்சலில் கேட்டும் கேட்காத அளவுக்குச் சொன்னார். "அவங்க என்னைக் கூப்பிடுவாங்கன்னு பாத்தேன்."

முதுகே போனாலும் சரி, இவள் எல்லார் முன்னாலும் கேவலப்பட்டாலும் சரி, ஒரு தடவை கூப்பிட்டுவிட்டால் போதும் என்று நின்றிருக்கிறார். கூப்பிட்டார்கள். அதற்குத்தான் சட்டைக் கையை அவ்வளவு சீக்கிரம் மடித்தார். இவளுக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருஷம் அந்த முதுகு ஒரு கல் தடுக்கி விழுந்துவிடக் கூடாது என்று தரையையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறாள்.

அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். கேமராமேன். அடிக்கவிட்டு இவளைப் பார்த்தார். இவள், "எடுங்க" என்றாள்.

"சொல்லுங்க சார்... ஆமா சார்... நாளைக்கா?" கேட்டுக்கொண்டே இருந்தவர் நடுவில் நிறுத்தினார். "சார், ஆபரேட்டர் பக்கத்துலதான் இருக்காங்க. அவங்ககிட்டயே பேசிடுங்க."

போனை நீட்டினார். ஆபரேட்டர் என்ற அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. இவள் போனை வாங்கிக்கொண்டாள். நாளைக்கு எத்தனை மணிக்கு, எந்த லென்ஸ், படி உண்டா, தரை எப்படி என்று வரிசையாகக் கேட்டாள். பதிலைக் கேட்டுக்கொண்டபின், "சார், இனிமே என் நம்பருக்கே கூப்பிடுங்க. குறிச்சுக்குங்க" என்று நம்பரைச் சொன்னாள். அந்தப் பக்கம் திருப்பிச் சொன்னதில் ஓர் எண் தப்பாக இருந்தது. திருத்தி மறுபடி சொல்ல வைத்தாள்.

போனைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் கேட்டார். "நாளைக்கு உன் பின்னாடி யாரு?"

"அண்ணி."

"அக்காவுக்குப் பட்டறை இருக்கே. தினமும் லீவு குடுப்பாங்களா?"

"மாட்டாங்க. வேற ஆள் பாத்துக்கறேன்."

"நான் இருக்கேனே."

"நீங்க வேணாம்" என்றாள் இவள். "பின்னாடி நிக்கறவங்களை நான் நம்பணும்."